கேட்டுவிட்டுக் கேட்பவள்

பாட்டுப் போடுவதற்கு முன்னால் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்கிற ஒரே ஒரு ஆளைத்தான் நான் இதுவரை பார்த்திருக்கிறேன். வண்டிப்பெரியாரில் ஜீப் ஓட்டிய காலத்தில் தினமும் என் வண்டியில் ஏறியவள். பெயரைச் சொல்லப்போவதில்லை. சொல்லலாமா என்று அவளிடம் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

முதல் நாளே கேட்டாள். தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் குடியிருப்பான லயத்து வாசலில் ஏறி, மடிக்கணினிப் பையைப் பின்சீட்டில் வைத்துவிட்டு, காதுக்கருவியைக் கையில் சுருட்டியபடி, "அண்ணே, பாட்டு போட்டுக்கிடட்டுமா?" என்றாள்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். கேள்வி புரியாமல் இல்லை. அப்படி ஒரு கேள்வியை என்னிடம் யாரும் கேட்டதில்லை. நான் கொல்லங்கோட்டில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். செங்கல் சூளை, திருப்பூரில் சாயப்பட்டறை, லாரியில் கிளீனர், ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்துகிற வேலை என்று போய்க்கொண்டே இருந்தேன். எங்கேயும் பாட்டுக்குக் குறைவில்லை. சாயப்பட்டறையில் முதலாளி மகனுக்குப் பிடித்த பாட்டு, காலையில் ஆரம்பித்தால் வேலை முடிகிற வரைக்கும். நகமெல்லாம் நீலமாகிக் கிடக்கும், காதில் அது ஓடிக்கொண்டிருக்கும். லாரியில் டிரைவர் தூங்காமல் இருக்க அவர் போடுகிற பாட்டு. கைக்குக் கூலி கொடுக்கிறவன் காதையும் சேர்த்து எடுத்துக்கொள்வான். அதை ஒரு குறையாகக்கூட நான் நினைத்ததில்லை.

"கேட்டது காதுல விழலியாண்ணே?"

"விழுந்துதுங்க. போடுங்க அம்மிணி. இதுக்கெல்லாம் எதுக்குங்க கேக்கறீங்க?"

"கேக்கணும்னா கேக்கணும்லா," என்றாள்.

பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் முதலில் ஆளைக் கேட்க வேண்டும் என்று அர்த்தம். அது அவள் வாயில் எப்போதும் இருந்தது. இரண்டு வேலைக்கும் தமிழில் ஒரே வார்த்தைதானே இருக்கிறது, அப்புறம் எதற்கு ஆப் செய்கிறவர்களுக்கு இவ்வளவு குழப்பம் என்பாள்.

ஆப் செய்கிற ஆட்களில் அவளும் ஒருத்தி. பெங்களூரில் ஒரு கம்பெனி. போனில் பாட்டுக் கேட்கிற ஆப். அதில் இவளுடைய பகுதி, ஒருவர் கேட்கிற பாட்டு இன்னொருவருக்கு எப்படிப் போய்ச்சேருவது என்பது. எந்த இடத்தில் பட்டன் வைப்பது, அதில் என்ன படம் போடுவது, யார் இப்போது கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று காட்டுவதா வேண்டாமா. இதற்கு மாதச் சம்பளம் கொடுத்து ஆள் வைத்திருக்கிறார்கள் என்பதே அவளைப் பார்த்துத்தான் எனக்குத் தெரிந்தது.

அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனதால் மடிக்கணினியோடு ஊருக்கு வந்திருந்தாள். லயத்தில் ரேஞ்ச் அரைகுறை. பேசலாம், பாட்டும் திக்கித் திக்கி வரும், மீட்டிங் நிற்காது. எஸ்டேட் ரோட்டில் மேலே ஏறினால் ஒரு வளவு வரும், வளைவை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். அங்கே ரேஞ்ச் முழுதாகக் கிடைக்கும். பதினோரு மணிக்கு அவளுக்கு மீட்டிங். தினமும் அவளை அங்கே ஏற்றிப்போய், முடிகிற வரை காத்திருந்து, திரும்பக் கொண்டுவந்து விடுவது என் வேலை. அவள் பின்சீட்டில் உட்கார்ந்து பேசுவாள். நான் முன்சீட்டில் உட்கார்ந்து தேயிலைக் காட்டைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

என் பேச்சு அவளுக்கு வேடிக்கை. "அண்ணே, ஒங்க ஜீப்பு பிரேக்கு பிடிக்கும்போதுகூட 'ங்க'ன்னுதான் நிக்கி" என்பாள்.

"ஆமாங்க" என்பேன். சிரிப்பாள்.

வண்டியில் பாட்டு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஓடும். இறங்கி நடக்கும்போது எப்போதும் ஒரு காதில்தான் கருவியை மாட்டுவாள். இன்னொன்று தோளில் தொங்கும். ரிப்பேரா என்று கேட்டதற்கு, "லயத்துல வளந்தவளுக்கு ஒரு காது ஊருக்குண்ணே. யாரும் கூப்பிட்டா தெரியணும்லா" என்றாள்.

ஒரு நாள் பீர்மேட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வழியில் ஒரு வயதான மலையாளி, கையில் மருந்துப் பையோடு நின்றிருந்தார். அவரை ஏற்றிக்கொண்டோம். இவள் வழக்கம்போல அவரிடமும் பாட்டுப் போடலாமா என்று கேட்டாள். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "வேண்ட மோளே, தலவேதனையாணு" என்றார். அவ்வளவுதான். பீர்மேடு வரைக்கும் வண்டியில் சத்தமில்லை. எனக்குக் கொஞ்சம் எரிச்சலாகத்தான் இருந்தது. ஓசியில் ஏறியவர் ஒருவருக்காக எங்கள் பாட்டு போனது. அவளோ பரிசு கிடைத்தவள் மாதிரி உட்கார்ந்திருந்தாள். இறங்கும்போது சொன்னாள்: "பாத்தீங்களாண்ணே, எவ்வளவு தெளிவா வேண்டாம்னு சொன்னாரு. கேட்டாத்தான் அந்தச் சொல்லு வெளிய வரும்."

என்னை அவள் சோதனைக்கும் வைத்துக்கொண்டாள். அதிகம் படிக்காத ஆளுக்குப் புரிகிறதா என்று பார்க்க அவள் ஆபீசில் ஆளே இல்லையாம். மடிக்கணினியைத் திருப்பிக் காட்டி, "இந்தப் படத்தைப் பாத்தா என்ன தோணுது?" என்று கேட்டாள். மூன்று புள்ளி, இரண்டு கோடு.

"உண்டிவில்லுங்க."

"இது?"

பெட்டியிலிருந்து மேலே கிளம்புகிற ஒரு அம்பு.

"அம்பு. ஆருமேலயோ விடப்போறாங்க."

அவள் சிரித்த சிரிப்பில் மீட்டிங்கில் இருந்தவர்கள் என்ன என்று கேட்டார்கள். "ரெண்டும் பாட்டை இன்னொருத்தருக்கு அனுப்புத பட்டன் அண்ணே. ரெண்டுமே ஆயுதம்னு ஒங்களுக்குத் தெரியுது, எங்களுக்குத் தெரியல" என்றாள். நோட்டில் எழுதிக்கொண்டாள். நான் சொன்னதை ஒருவர் எழுதிக்கொள்வதை அதற்கு முன்னால் நான் பார்த்தது போலீஸ் ஸ்டேஷனில்தான். அது வேறு கதை.

அவள் ஏன் இப்படி என்பது அவள் வீட்டுக்குள் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது. அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக ஒரு நாள் உள்ளே கூப்பிட்டாள். ஒரே கூரைக்குக் கீழே பத்து வீடு. நடுச்சுவர் கூரை வரைக்கும் போகவில்லை. ஆள் உயரத்துக்கு மேல் கொஞ்சம் எழும்பி நின்றுவிட்டது. ஒன்றாம் நம்பரில் தும்மினால் பத்தாம் நம்பரில் கேட்கும். அங்கே பாட்டைப் பகிர்ந்துகொள்ள பட்டன் வேண்டியதில்லை. பகிராமல் இருக்கத்தான் வழியில்லை.

அதற்காக அந்த லயத்துக்காரர்கள் ஒரு முறை வைத்திருந்தார்கள். ரேடியோவோ டிவியோ போடுவதற்கு முன்னால் நடுச்சுவரில் இரண்டு தட்டு. போடலாமா என்று அர்த்தம். அந்தப் பக்கத்திலிருந்து இரண்டு தட்டு வந்தால் போடலாம். ஒரு தட்டு வந்தால், கேட்டது, இப்போது வேண்டாம். ஏன் என்று யாரும் விசாரிப்பதில்லை. பிள்ளை தூங்கலாம். தலைவலியாக இருக்கலாம். புருஷன் பெண்சாதி சண்டையாக இருக்கலாம், அது எப்படியும் கேட்கத்தான் போகிறது. துக்கம் விழுந்தால் மட்டும் வேறு முறை. அப்போது யாரும் தட்டிக் கேட்கக்கூடாது. துக்க வீட்டிலிருந்து முதல் பாட்டு வர வேண்டும். அதற்குப் பிறகுதான் மற்ற ஒன்பது வீட்டிலும் சத்தம். அநேகமாக அது பதினாறு முடிந்த பிறகு வரும்.

இந்தத் தட்டலை ஆப்பில் வைத்துவிட வேண்டும் என்பதுதான் அவள் கட்சி. அவளுடைய மேலாளர்கள் வேறு ஒன்று நினைத்திருந்தார்கள். 'சேர்ந்து கேளுங்கள்' என்று பெயர். நண்பர்களை ஒரு குழுவாகச் சேர்த்துவிட்டால், ஒருவர் பாட்டைப் போட்டதும் மற்றவர் போனிலும் அதே பாட்டு தானாகவே ஆரம்பித்துவிடும். தொட வேண்டியதே இல்லை. யார் கேட்கிறாரோ அவர் பெயருக்குப் பக்கத்தில் ஒரு பச்சைப் பொட்டு. சீக்கிரம் அதை ஊர் உலகத்துக்கெல்லாம் விடப்போகிறார்கள். அதற்குள் இவள் தடுத்தாக வேண்டும். தினமும் பதினோரு மணிக்கு என் பின்சீட்டில் நடந்த சண்டை அதுதான்.

சோதனைக்காக மூன்று போனில் அதைப் போட்டுவைத்தாள். அவளுடையது, என்னுடையது, பக்கத்து வீட்டு ஆறாம் நம்பர் அக்காவுடையது. ஒரு வாரத்தில் அக்கா வீட்டில் வெடித்தது. அக்காவின் புருஷனுக்குக் கோயமுத்தூரில் வேலை. குழுவில் இல்லாதவர்களுக்கும் அந்தப் பொட்டு தெரியும்; அவர் அங்கேயிருந்து ஆப்பைத் திறந்து பார்த்திருக்கிறார். பெண்சாதி பெயரில் காலை பத்து மணிக்குப் பச்சைப் பொட்டு. சாயங்காலம் அவள் வீடு திரும்பியதும் போன்.

அக்கா எங்களிடம் அதை நடித்துக் காட்டினாள். "'வேலை நேரத்துல யாரு கூடட்டி பாட்டு கேக்க?'ங்காரு. 'கொழுந்து கூட'ன்னேன். இன்னும் கோவம் வந்துட்டு."

உண்மையில் அந்த நேரத்தில் அக்கா காட்டில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். போன் ஏழாம் நம்பர் வீட்டில் இருந்தது. அங்கே நர்சிங் படிக்கிற பெண்ணுக்குப் பாடம் அந்தப் போனில்தான் வரும். பாடம் முடிந்ததும் அவள் இரண்டு பாட்டுக் கேட்டிருக்கிறாள். ஏழாம் நம்பர் பாட்டுக்கு ஆறாம் நம்பருக்கு அடி விழ இருந்தது.

இவள் நோட்டில் பெரிய எழுத்தில் எழுதினாள்: ஒரு போன் ஒரு ஆள் இல்லை. அதை மீட்டிங்கில் வாசித்தபோது அந்தப் பக்கம் சிரித்தார்கள். இவள் சிரிக்கவில்லை.

அம்மா ஒரு மழைநாள் காலையில் ஆஸ்பத்திரியில் இறந்துபோனாள். என் ஜீப்பில்தான் கொண்டுவந்தோம். இவள் முன்சீட்டில் என் பக்கத்தில் இருந்தாள். வளவில் திரும்பும்போது, "அண்ணே, மெதுவா" என்றாள். லயத்து வாசலில் வண்டி நின்றபோது, உள்ளே ஓடிக்கொண்டிருந்த டிவிகள் ஒவ்வொன்றாக அணைவது வெளியே கேட்டது.

அதற்குப் பிறகு அந்தப் பத்து வீட்டிலும் சத்தமில்லை. பிள்ளைகள்கூடக் காதோடு காதாகப் பேசிக்கொண்டார்கள்.

மூன்றாம் நாள் எனக்கு மேலே ஒரு சவாரி இருந்தது. ஆளை இறக்கிவிட்டுத் திரும்பும்போது வளவில் வண்டி தானாகவே நின்றது. தானாகவே என்று சொல்வது சும்மா, நான்தான் நிறுத்தினேன். பதினோரு மணி. பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தேன். அவள் எப்போதும் பாதி முணுமுணுத்துவிட்டு நிறுத்துகிற ஒரு பழைய பாட்டு உண்டு. மீதி எப்படிப் போகும் என்று எனக்குத் தெரியாது. கேட்டுப் பார்க்கலாம் என்று தோன்றியது. கேட்க ஆள் இல்லை. போட்டேன்.

அந்தச் சண்டையோடு அக்கா தன் போனில் 'சேர்ந்து கேளுங்கள்' என்பதை அணைத்துவிட்டாள்; என் போனில் அது அணையாமல் கிடக்கிறது என்பது எனக்கு நினைவில்லை. என் ஜீப்பில் நான் ஒருத்தன்தானே என்று நினைத்தேன்.

கீழே என்ன நடந்தது என்பதை ஆறாம் நம்பர் அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். துக்கம் விசாரிக்கிற போன் வரும் என்று இவள் தன் போனில் சத்தத்தை முழுதாக ஏற்றி, அம்மா படத்துக்கு முன்னால் விளக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். அவள் கடைசி வீட்டுக்கு அப்பால் இருக்கிற குழாயடியில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் போன் பாட ஆரம்பித்துவிட்டது.

பத்து வீட்டுக்கும் கேட்டது. துக்க வீட்டிலிருந்து முதல் பாட்டு. பத்தாம் நம்பர் வீட்டுக்காரர்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவர்கள் பெண்ணுக்கு நிச்சயம் வைத்திருந்தார்கள். துக்க லயத்தில் எப்படி என்று, பாட்டில்லாமல் பத்துப் பேரோடு முடித்துக்கொள்ள நினைத்திருந்தார்கள். வாய்விட்டு யாரிடமும் சொல்லவுமில்லை. இந்தப் பாட்டைக் கேட்டதும் அந்த வீட்டு அம்மா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டு அழுதாளாம். "நமக்காகத்தான் அந்தப் பிள்ளை இப்படிப் போடுது" என்றாளாம். கொஞ்ச நேரத்தில் அங்கே ஞானப்பாட்டு. அடுத்தது நான்காம் நம்பரில் பிள்ளைகள் டிவியைப் போட்டார்கள். மத்தியானத்துக்குள் லயம் பழைய சத்தத்துக்கு வந்துவிட்டது.

"கொடத்தோட வந்தவ வாசல்லயே நின்னுட்டா," என்றாள் அக்கா. "போனைப் பாத்தா. ஒங்க பேரு பச்சைப் பொட்டோட நின்னுச்சு. அமத்திப்போடுவான்னு நெனச்சேன். அமத்தலை. பாட்டு முடியுத வரைக்கும் கொடத்தை எறக்காமத்தான் நின்னா. நீரு என்ன மனுசனய்யா?"

நான் போனேன். அவள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். உள்ளே எங்கேயோ ஒரு விளம்பரப் பாட்டு.

"தெரியாம நடந்துபோச்சுங்க அம்மிணி. என்ற போன்ல போட்டது இங்க வந்து பாடும்னு நெனைக்கலீங்க."

"தெரியும்ணே. நான் செஞ்ச வேலைதானே அது."

"எல்லாத்துகிட்டயும் நான் போயிச் சொல்லட்டுங்களா? தப்பு என்றதுன்னு?"

"வேண்டாம். பத்தாம் நம்பர்ல இப்பதான் சிரிப்புச் சத்தம் வருது. அதை எப்படி நிறுத்தச் சொல்ல?"

பிறகு சுவரைக் காட்டிச் சொன்னாள்.

"சத்தமில்லாம இருந்துச்சுலா, அப்ப அம்மா உள்ள இருமுதது கேக்குத மாதிரியே இருந்துச்சுண்ணே. பதினாறு நாளு இருப்பான்னு நெனச்சேன். இப்பக் கேக்கலை."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் இந்நேரம் மறந்திருப்பேன். நான் எத்தனையோ திட்டு வாங்கியவன்.

பதினாறு கழிந்த பிறகுதான் மறுபடி ஜீப்பில் ஏறினாள். வளவில் நின்றோம். ஏறியதிலிருந்து பாட்டுப் போடலாமா என்று அவள் கேட்கவில்லை. பதினோரு மணிக்கு மீட்டிங் ஆரம்பித்தது. பாதி இங்கிலீஷ், பாதி மலையாளம். எனக்கு மலையாளம் தெரியும், இங்கிலீஷ் எஸ்டேட்டில் புழங்குகிற அளவுக்கு. நடந்தது முழுவதையும் அவள் சொன்னாள். குடம், விளக்கு, பச்சைப் பொட்டு. என் பெயரைச் சொல்லவில்லை, ஒரு நண்பர் என்றாள். ஒரு ஆள் மட்டும், நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், இப்படி எல்லாருக்குமா நடக்கும் என்று கேட்டார். அவள் கையை நீட்டி ஜீப் கதவில் இரண்டு தட்டுத் தட்டினாள். "இதுக்கு எவ்வளவு நேரம் ஆச்சு?" என்று கேட்டாள்.

மீட்டிங் முடிந்து மடிக்கணினியை மூடினாள்.

"என்னங்க சொன்னாங்க?"

"தானா ஆரம்பிக்காது. ரெண்டு தட்டு வச்சுக்கிடலாம்னுட்டாங்க. தட்டினா, அந்தப் பக்கம் திருப்பி ரெண்டு தட்டினாத்தான் பாட்டு போவும்."

"அப்ப ஜெயிச்சுட்டீங்க."

"பாதி. ஒத்தத் தட்டை எடுத்துருன்னு சொல்லிட்டாங்க. வேண்டாம்னு சொல்லுததுக்கு யாரும் ஆப் வச்சுக்கிட மாட்டாங்களாம்."

"என்ன பண்ணுவீங்க?"

"சத்தத்தை மட்டும் விட்டுருவேன். ஒரு தட்டு தட்டினா அந்தப் பக்கம் ஒரு சத்தம் கேக்கும், வேற ஒண்ணும் நடக்காது. அர்த்தமில்லாமக் கெடக்கட்டும். தெரிஞ்சவுகளுக்குத் தெரியும்."

அந்தச் சத்தத்துக்காக நாலைந்து நாள் அலைந்தாள். லயத்துச் சுவர் போனில் பதியவில்லை, மண்ணைக் குத்துகிற மாதிரி மந்தமாக விழுந்தது. தண்ணித் தொட்டி, பலகை, பழைய தேயிலைப் பெட்டி எல்லாவற்றையும் தட்டிப் பார்த்தாள். கடைசியில் ஒரு நாள் போனை ஜீப் கதவுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, "அண்ணே, நீங்க தட்டுங்க" என்றாள். என் ஜீப்பில் இடதுபக்கக் கதவின் கைப்பிடி லொடலொட என்று ஆடும். முட்டியால் தட்டினால் டொக் என்று விழுந்து, பின்னாலேயே கைப்பிடி கிணுங் என்னும். நான் தட்டினேன். டொக்-கிணுங். டொக்-கிணுங்.

"இதான். ஒங்க கைதான் சரியா விழுது."

"அந்தக் கைப்பிடியச் சரி பண்ணிட்டு வரட்டுங்களா?"

"ஐயோ, தொட்டுராதீங்க."

அவள் பெங்களூருக்குக் கிளம்பிய அன்று வண்டிப்பெரியார் பஸ் ஸ்டாண்டில் கொண்டுவிட்டேன். லயத்து அறை எஸ்டேட்டுடையது. அம்மா வேலை செய்ததால்தான் அந்த வீடு. அம்மா இல்லை என்றால் வீடும் இல்லை. அதனால் அவள் திரும்பி வருவதற்கு ஒரு காரணமும் மீதி இல்லை. இது எங்கள் இருவருக்கும் தெரியும். பஸ் கிளம்ப நேரம் இருந்தது. பைகளை ஏற்றி வைத்துவிட்டு ஜன்னலுக்குக் கீழே நின்றேன்.

"கேக்க வேண்டியது ஏதாச்சும் இருந்தா கேளுங்கண்ணே" என்றாள்.

அண்ணே என்பது மலையில் எல்லா டிரைவருக்கும் உள்ள பெயர்தான். அதற்குள் ஒளிந்துகொள்வதும் சுலபம். கேட்க இருந்தது. போய் எத்தனை நாள் ஆனாலும் வருவீர்களா என்று. அந்தப் பாட்டில் பாதியில் நிறுத்திவிடுவீர்களே, அது ஏன் என்று. இன்னும் ஒன்று.

"ஒண்ணுமில்லீங்க" என்றேன்.

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். மருந்துப் பைக்காரரை அன்றைக்குப் பார்த்த மாதிரி இல்லை. கேட்டால்தான் அந்தச் சொல் வெளியே வரும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவளிடம், அவளே கேட்ட பிறகும், என்னால் சொல்ல முடியவில்லை. பஸ் கிளம்பிவிட்டது.

அடுத்த மழைக்கு முன்னால் நான் ஜீப்பை விட்டுவிட்டேன். பீர்மேட்டில் ஒரு தங்கும் விடுதியில் கொஞ்ச நாள் தோட்டவேலை. அங்கேயும் கால் நிற்கவில்லை. இப்போது கொல்லங்கோட்டுப் பக்கம் மாங்காய் லோடு ஏற்றுகிற வண்டி ஓட்டுகிறேன்.

ஒரு நாள் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது பக்கத்தில் இருந்தவர் சட்டைப் பையிலிருந்து டொக்-கிணுங், டொக்-கிணுங் என்று கேட்டது. டீயை வைத்துவிட்டு எழுந்து ரோட்டைப் பார்த்தேன். ஜீப் எதுவும் இல்லை. அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, சிரித்துக்கொண்டே திருப்பி இரண்டு முறை தொட்டார். பாட்டு வந்தது. என் கையும் அந்த லொடலொடக் கைப்பிடியும் எத்தனை பேர் சட்டைப் பையில் இருக்கின்றன என்று எனக்குத் தெரியாது. அந்த ஜீப்பை இந்நேரம் உடைத்து இரும்புக்குப் போட்டிருப்பார்கள்.

என் போனிலும் அந்த ஆப் புதிதாகி வந்தது. பழைய குழு போய்விட்டது, பெயர்கள் மட்டும் அப்படியே இருந்தன. அவள் பெயருக்குப் பக்கத்தில் சில நாள் பச்சைப் பொட்டு எரியும். முதல் முறை அதைப் பார்த்தபோது வண்டியை ஓரம் கட்டினேன். பிறகு அவள் நோட்டில் எழுதியது நினைவுக்கு வந்தது. ஒரு போன் ஒரு ஆள் இல்லை. போனை யாருக்காவது கொடுத்திருக்கலாம். வேறு யாரோ அவள் பெயரில் பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்கலாம். ஏழாம் நம்பர் பாட்டுக்கு ஆறாம் நம்பரை நினைத்து உருகுகிற ஆளாக நான் ஆகிவிடக்கூடாது.

ஆனாலும் தட்டினேன். அந்தப் பழைய பாட்டை எடுத்து, அவள் பெயரைத் தொட்டு, இரண்டு தட்டு. பதில் இல்லை. ஒரு வாரம் கழித்து மறுபடி. அதற்கும் இல்லை. பொட்டு எரியும்போது தட்டினேன், அணைந்திருக்கும்போது தட்டினேன். மாங்காய் சீசன் முடிந்து அடுத்த சீசனுக்குப் பூ வந்துவிட்டது.

போன மாதம் தோப்பில் லோடுக்காகக் காத்திருந்தேன். பதினோரு மணி இருக்கும். நான் தட்டி நான்கு நாள் ஆகியிருந்தது. வண்டியின் முன்பலகையில் கிடந்த போன் சத்தம் போட்டது.

டொக்-கிணுங்.

அவள் பெயர்தான். இரண்டாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. ஆப்பில் அதற்கு அர்த்தம் எதுவும் இல்லை, பாட்டும் போகவில்லை. யாரோ கை தவறித் தொட்டிருக்கலாம். அப்படி நினைத்துப் பார்க்கிறேன், முடியவில்லை. ஒரு தட்டோடு நிறுத்தத் தெரிந்தவர்கள் அந்தப் பத்து வீட்டுக்காரர்களும் நானும்தான்.

கேட்டது, இப்போது வேண்டாம். ஏன் என்று விசாரிக்கக்கூடாது.

அன்றிலிருந்து வண்டியில் பாட்டுப் போடுவதில்லை. நேற்று தோப்புக் குத்தகைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து வந்தார். கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்தார்.

"ஏனப்பா, பாட்டுப் பெட்டி ரிப்பேரா?"

"இல்லீங்க."

"அப்பறம் ஒண்ணு போடறது?"

"கேட்டிருக்கேனுங்க. இன்னும் சரின்னு வரலீங்க."

அவர் என்னையும் பெட்டியையும் மாறி மாறிப் பார்த்தார். "வண்டி நீ ஓட்டறே. பக்கத்துல நான் இருக்கறேன், நான் போடுங்கறேன். ஒரு பாட்டுப் போட வேற ஆரைக் கேக்கோணும்?"

"கேக்கணும்னா கேக்கணும்லா" என்றேன்.

"லாவா? இதெந்த ஊருப் பேச்சு?" என்று சிரித்தார். நான் கியரை மாற்றினேன்.